இயேசுவை நேசித்தால் போதாதா, உபதேசம் எதற்கு?

கேள்வி இது: "சபைக்குப் போகிறேன், ஜெபிக்கிறேன், இயேசுவை நேசிக்கிறேன். இதற்கு மேல் திரித்துவம், நீதிமானாக்கப்படுதல் என்று உபதேசங்களையெல்லாம் ஏன் கற்றுக்கொள்ள வேண்டும்? உபதேசம் பேசப் பேசச் சண்டைதானே வருகிறது? அன்பு போதாதா?"

நியாயமான கேள்வி. உபதேசத்தின் பெயரால் சபைகள் இரண்டும் மூன்றுமாக உடைவதைப் பார்த்தவர்களுக்கு இந்தச் சலிப்பு வராவிட்டால்தான் ஆச்சரியம். சண்டை விஷயத்துக்குப் பிறகு வருகிறேன், அதை மழுப்பப் போவதில்லை. முதலில், "இயேசுவை நேசிக்கிறேன்" என்கிறீர்களே, அங்கிருந்தே தொடங்கலாம். அந்த இயேசு யார்? தேவனா, தேவன் அனுப்பிய நல்ல மனிதரா? கல்லறையிலிருந்து உண்மையிலேயே எழுந்தாரா, அவருடைய நினைவு மட்டும் சீஷர்களின் மனதில் எழுந்ததா? சிலுவையில் நமக்காக எதையாவது செய்து முடித்தாரா, எப்படிச் சாக வேண்டும் என்று காட்டிவிட்டுப் போனாரா? இவற்றுக்கு நீங்கள் என்ன பதில் சொன்னாலும் அது உபதேசம்தான். பதிலே சொல்லாவிட்டாலும் நீங்கள் ஜெபிக்கிற விதத்தில் ஒரு பதில் இருக்கும்.

ஆக, உபதேசம் இல்லாத கிறிஸ்தவர் என்று யாரும் கிடையாது. நம்புவதைச் சோதித்துப் பார்த்தவர்கள் உண்டு, கிடைத்ததை அப்படியே வைத்துக்கொண்டவர்கள் உண்டு. கிடைத்தது எங்கிருந்து என்று கேட்டால், பெரும்பாலும் பாட்டிலிருந்து. ஞாயிறு பிரசங்கம் புதன்கிழமைக்குள் மறந்துவிடும். பாட்டு, பாத்திரம் கழுவும்போதும் வாயில் நிற்கும். நான்காம் நூற்றாண்டில் அலெக்சந்திரியாவில் இருந்த ஆரியுஸ் என்ற மூப்பருக்கு இது நன்றாகத் தெரியும். குமாரன் நித்தியர் அல்ல, படைக்கப்பட்டவர் என்ற தன் போதனையை அவர் பாட்டாகவே எழுதினார். கப்பலோட்டிகளுக்கும் மாவரைப்பவர்களுக்கும் வழிப்போக்கர்களுக்கும் ஏற்ற பாட்டுகள் எழுதினார் என்று பழைய சரித்திரக்காரர் ஒருவரின் குறிப்பு இருக்கிறது. தர்க்கம் நுழையாத இடத்திலும் ராகம் நுழைந்துவிடும். நம் ஆராதனைப் பாடல்களின் வரிகளை ஒருமுறை ராகமில்லாமல் வாசித்துப் பாருங்கள், நான் சொல்வது புரியும்.

சரி, தவறாக நம்பினால்தான் என்ன கெட்டுவிடும்? தவறான போதனை எப்போதும் யாரோ ஒருவர் தலையில்தான் போய் விடியும். அந்த ஒருவர் பெரும்பாலும் போதித்தவர் அல்ல. நோயாளியாக இருப்பார், ஏழையாக இருப்பார், குற்ற மனசாட்சியோடு தவிப்பவராக இருப்பார், கூட்டத்தில் ஓரமாக நிறுத்தப்பட்டவராக இருப்பார். உபதேசம் முக்கியம் என்று நான் சொல்வது முதலில் இவர்களுக்காகத்தான்.

"விசுவாசம் இருந்தால் நிச்சயம் சுகம்" என்ற போதனையை எடுத்துக்கொள்ளுங்கள். மேடையில் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அதையே புற்றுநோய் முற்றிய ஒருவரின் கட்டிலருகே கொண்டுபோய்ப் பாருங்கள். சுகம் விசுவாசத்தைப் பொறுத்தது என்றால், சுகமாகாததற்குக் காரணம்? ஜெபிக்க வந்தவர்கள் வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும் நோயாளிக்குக் கணக்குப் போடத் தெரியும். மாத்திரை போடுவது அவிசுவாசம் என்று யாராவது நினைத்துவிடுவார்களோ என்று பயந்து, வலி மாத்திரையைத் தலையணைக்கு அடியில் ஒளித்து வைத்தவரை எனக்குத் தெரியும். ஏற்கெனவே வலி, அதன் மேல் குற்றவாளிக் கூண்டு வேறு.

பவுல் எப்படி இருந்தார் என்று பாருங்கள். எபேசுவில் அவருடைய உறுமால்களைக் கொண்டுபோய் நோயாளிகள் மேல் போட்டபோது நோய்கள் நீங்கின என்கிறது அப்போஸ்தலர் 19. அதே பவுல் கடைசியாக எழுதிய நிருபத்தில், "துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தேன்" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போகிறார். துரோப்பீமு அவரோடு ஊர் ஊராகப் பயணம் செய்த உடன் ஊழியர். அவருக்கு விசுவாசம் போதவில்லை என்று பவுல் சொல்லவில்லை, விளக்கமே தரவில்லை. தீமோத்தேயுவின் வயிற்றுக்கும் அடிக்கடி வரும் பலவீனங்களுக்கும் "கொஞ்சம் திராட்சரசம்" சேர்த்துக்கொள்ளச் சொல்கிறார். தன் மாம்சத்தில் இருந்த முள் நீங்க மூன்று முறை வேண்டிக்கொண்டபோது அவருக்குக் கிடைத்த பதில், "என் கிருபை உனக்குப்போதும்." தேவன் சுகமாக்குவதில்லை என்று நான் சொல்லவில்லை. நோயாளிக்காக ஜெபிக்கச் சொல்லி யாக்கோபு எழுதியிருக்கிறார், நானும் ஜெபிக்கிறேன். ஆனால் தேவன் கொடுக்காத வாக்குறுதியை அவர் பெயரில் கொடுக்க யாருக்கும் அதிகாரம் இல்லை. யோபுவின் நண்பர்கள் இதைத்தான் செய்தார்கள். சாம்பலில் உட்கார்ந்திருந்தவனிடம் "நீ ஏதோ பாவம் செய்திருக்கிறாய்" என்று விளக்கம் சொன்னார்கள். புத்தகத்தின் முடிவில், என்னைக்குறித்து நீங்கள் சரியானதைப் பேசவில்லை என்று தேவன் கோபப்படுவது அவர்கள் மேல்தான்.

இதே சங்கதி சாப்பாட்டு மேசையிலும் நடக்கும். கலாத்தியர் இரண்டாம் அதிகாரத்தில் அந்தியோகியாவில் நடந்த ஒரு சம்பவம் வருகிறது. பேதுரு அங்கே யூதரல்லாத விசுவாசிகளோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எருசலேம் சபையின் தலைவரான யாக்கோபிடமிருந்து யூத விசுவாசிகள் சிலர் வந்ததும் பயந்து, மெல்ல விலகிக்கொண்டார். மற்ற யூதர்களும் அவரோடு சேர்ந்துகொண்டார்கள், பர்னபாகூட இழுபட்டுப்போனார். பேதுரு எந்தப் பிரசங்கத்தையும் மாற்றவில்லை என்பதைக் கவனியுங்கள். உட்காருகிற இடத்தை மாற்றினார், அவ்வளவுதான். பவுலோ எல்லாருக்கும் முன்பாக அவரை எதிர்க்கிறார். "சுவிசேஷத்தின் சத்தியத்திற்கேற்றபடி" நடக்கவில்லை என்பதுதான் அவருடைய குற்றச்சாட்டு. கிறிஸ்துவின் மேலுள்ள விசுவாசத்தால் மட்டும் ஒருவர் நீதிமானாக்கப்படுகிறார், அதாவது தேவனுக்கு முன்பாக நீதியுள்ளவராக ஏற்றுக்கொள்ளப்படுகிறார் என்றால், அப்படி ஏற்றுக்கொள்ளப்பட்டவரோடு உட்கார்ந்து சாப்பிட மறுப்பது அந்தச் சத்தியத்தையே மறுப்பது. நீதிமானாக்கப்படுதல் என்றால் இறையியல் கல்லூரிப் பாடம் என்று நினைக்கிறோம். பவுலுக்கு அது யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவது என்ற விஷயம்.

இப்படித் தட்டிக்கேட்க ஆளில்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்குத் தென்னாப்பிரிக்கா சாட்சி. அங்கே டச்சு சீர்திருத்தச் சபையில், நிறம் பார்க்காமல் எல்லாருக்கும் திருவிருந்து ஒன்றாகவே கொடுக்க வேண்டும் என்று 1829-ல் சினோடு, அதாவது சபையின் ஆட்சிமன்றம், தெளிவாகச் சொன்னது. 1857-ல் அதே சபையின் சினோடு, ஒன்றாக ஆராதிப்பதே விரும்பத்தக்கது, வேதத்துக்கும் ஏற்றது என்று ஒத்துக்கொண்டது. ஒத்துக்கொண்டுவிட்டு, "சிலருடைய பலவீனத்தினிமித்தம்" தனிக் கட்டடத்தில் தனி ஆராதனை நடத்தலாம் என்று அனுமதித்தது. அந்தப் பலவீனம் என்ன? கறுப்பு விசுவாசியோடு ஒரே பாத்திரத்தில் பங்குபெற வெள்ளை விசுவாசிக்கு மனம் வராத பலவீனம். 1881-ல் கலப்பின மக்களுக்கென்று தனிச் சபையே உண்டானது. முதலில் சலுகை, பிறகு வழக்கம். இருபதாம் நூற்றாண்டில் அந்த வழக்கத்துக்கு வேத ஆதாரம் தேடி, நிறவெறி ஆட்சிக்கே இறையியல் எழுதிக் கொடுத்தார்கள். உபதேசம் இப்படித்தான் கெடுகிறது: நடப்பு முதலில் கெடும், வசனம் அதற்குப் பின்னால் வந்து சேரும்.

அந்தச் சரித்திரத்தின் அடுத்த பகுதிதான் உங்கள் கேள்விக்கு நேரடியான பதில். ஒதுக்கப்பட்டவர்கள் "உபதேசம் வேண்டாம், அன்பு போதும்" என்று சொல்லவில்லை. அன்பு என்ற சொல்லை எதிர்த்தரப்பும் தாராளமாகப் பயன்படுத்திக்கொண்டிருந்தது. 1982-ல் ஒட்டாவாவில் கூடிய சீர்திருத்தச் சபைகளின் உலகக் கூட்டமைப்பு, நிறவெறிக்கு இறையியல் நியாயம் கற்பிப்பது கள்ள உபதேசம் என்று அறிவித்தது. அதே ஆண்டு, முன்பு பிரித்துவிடப்பட்ட அந்தத் தனிச் சபை பெல்ஹார் என்ற இடத்தில் ஒரு விசுவாச அறிக்கையை எழுதியது. 1986-ல் அதை முறைப்படி ஏற்றுக்கொண்டது. சபையின் ஒருமைப்பாடு, ஒப்புரவாகுதல், தேவனுடைய நீதி பற்றிய அறிக்கை அது. மிதிபட்டவர்கள் எழுந்து நிற்கப் பிடித்துக்கொண்டது உபதேசத்தைத்தான்.

திரித்துவம், கிறிஸ்துவின் தேவத்துவம் போன்றவற்றில் இப்படி நேரடித் தொடர்பு தெரிவதில்லை என்பீர்கள். தெரியும், கொஞ்சம் நெருங்கிப் பார்த்தால். இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தியோகியாவின் கண்காணியான (பேராயரான) இக்னேஷியஸ், ரோமில் சாகடிக்கப்படுவதற்காகக் காவலில் கொண்டுபோகப்பட்டார். அந்த வழியில் சிமிர்னா சபைக்கு ஒரு நிருபம் எழுதினார். இயேசுவுக்கு உண்மையான சரீரம் இல்லை, பாடுபட்டது வெறும் தோற்றம் என்று சிலர் அப்போது போதித்துக்கொண்டிருந்தார்கள். அவர் பாடுபட்டது தோற்றம் என்றால் என் கையிலிருக்கும் விலங்கும் தோற்றம்தானா என்று கேட்கிறார் இக்னேஷியஸ். அடுத்து அவர் எழுதுவதுதான் முக்கியம்: இப்படிப் போதிப்பவர்களுக்கு விதவையைப் பற்றியோ அநாதையைப் பற்றியோ பசித்தவனைப் பற்றியோ தாகமுள்ளவனைப் பற்றியோ கவலை இல்லை. ஏன் இருக்கும்? தேவன் உண்மையான சரீரத்தை எடுக்கவில்லை என்றால் சரீரத்தின் பசிக்கு என்ன மதிப்பு?

ஆரியுஸின் விஷயமும் அப்படித்தான். குமாரன் படைப்பு என்றால், சிலுவைக்கு வந்தது தேவன் அல்ல. தன் கை அழுக்குப்படாமல் வேறொருவரை அனுப்பிவிட்டார் என்றாகிவிடும். 325-ல் நிசேயாவில் கூடிய சங்கம் குமாரன் பிதாவோடு ஒரே தன்மையுள்ளவர் என்று அறிக்கையிட்டது. அதற்காக நின்ற அத்தனாசியுஸ், பிற்பாடு அலெக்சந்திரியாவின் கண்காணியானவர், ஐந்து முறை நாடுகடத்தப்பட்டார், மொத்தம் ஏறக்குறைய 17 ஆண்டுகள். ஒரு சொல்லுக்காக இவ்வளவு பிடிவாதமா என்று தோன்றும். அவருக்கு அது சொல் விவகாரம் அல்ல. படைப்பு ஒன்று படைப்பை மீட்க முடியாது. படைப்பை வணங்கினால் அது விக்கிரக ஆராதனை. பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் "ஆண்டவருக்கு உன் வலி தெரியும்" என்று சொல்கிறோமே, அந்த வாக்கியம் உண்மையாக இருப்பது அத்தனாசியுஸ் சொன்னது சரியென்றால்தான்.

மனசாட்சி பற்றியும் ஒரு வார்த்தை. 1517-ல் மார்ட்டின் லூத்தர் தன் 95 கருத்துகளை எழுதியபோது, பணம் கொடுத்துப் பாவமன்னிப்புச் சீட்டு வாங்கும் வியாபாரம் கொடிகட்டிப் பறந்தது. தேவையுள்ளவனைக் கண்டும் காணாமல் போய்விட்டு, சீட்டுக்குப் பணம் கொடுப்பவன் வாங்குவது மன்னிப்பை அல்ல, தேவகோபத்தை என்று அதில் ஒரு கருத்து இருக்கிறது. கிருபைக்கு விலை வைத்தால் முதலில் காலியாவது பயந்தவனின் பை. இன்றைக்குச் சீட்டு இல்லை. "இவ்வளவு விதைத்தால் இவ்வளவு அறுப்பாய்" என்று காணிக்கை கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். கடனில் இருப்பவர்தான் அதற்குக் கடன் வாங்கிக் கொடுக்கிறார்.

"நாங்கள் வேதத்தைத்தானே பேசுகிறோம், தனியாக உபதேசம் எதற்கு?" என்பவர்களும் உண்டு. வேத வசனத்தை, இயேசுவைச் சோதித்தபோது சாத்தானும் எடுத்துச் சொன்னான், சங்கீதம் 91-லிருந்து. வசனம் வாயில் இருப்பது போதாது. எரேமியா 29:11 எல்லாருக்கும் பிடித்த வசனம்: உங்கள்பேரில் நான் நினைத்திருக்கிற நினைவுகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவானவைகளே என்பது. சுவரில் மாட்டாத கிறிஸ்தவ வீடு குறைவு. அதற்கு முந்தின வசனத்தை யாரும் மாட்டுவதில்லை. பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்ட யூதர்கள் எழுபது வருஷம் அங்கேயே இருக்க வேண்டும் என்கிறது அது. அதற்கு முந்தின அதிகாரத்தில் அனனியா என்ற தீர்க்கதரிசி, இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பிவிடும் என்று கர்த்தரின் பெயரால் ஆலயத்தில் அறிவிக்கிறான். எரேமியாவின் பதிலில் முதல் வார்த்தை எனக்கு மிகவும் பிடிக்கும்: "ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக." அவருக்கும் அது நடந்தால் நல்லதுதான்! ஆனால் நடக்கப்போவது அது அல்ல. அனனியாவை நம்பி மூட்டையை அவிழ்க்காமல் உட்கார்ந்திருந்தவர்கள் என்ன ஆகியிருப்பார்கள்? எரேமியாவின் கடிதமோ வீடு கட்டுங்கள், தோட்டம் நாட்டுங்கள், பிள்ளைகளைப் பெறுங்கள், நீங்கள் இருக்கிற பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள் என்கிறது. எழுபது வருஷத்தைத் தாண்டி வாழ வைத்தது அந்தக் கசப்பான செய்தி. செவித்தினவுள்ளவர்கள், அதாவது காதுக்கு இனிமையானதையே கேட்க விரும்புகிறவர்கள், தங்களுக்கேற்ற போதகர்களைத் திரளாகச் சேர்த்துக்கொள்வார்கள் என்று பவுல் எழுதியபோது, குற்றத்தைப் போதகர்கள் மேல் மட்டும் போடவில்லை. கேட்பவர்களுக்கும் அதில் பங்கு உண்டு.

இனி சண்டை. 1553 அக்டோபர் 27 அன்று ஜெனீவாவில் மிகாயேல் செர்வேட்டஸ், திரித்துவத்தை மறுத்ததற்காக உயிரோடு எரிக்கப்பட்டார். அப்போது ஜெனீவாவின் சீர்திருத்தத் தலைவராக இருந்த கால்வினிடமிருந்து நான் நிறையக் கற்றிருக்கிறேன்; அந்த நெருப்பில் அவருக்கு இருந்த பங்கை நியாயப்படுத்த மாட்டேன். அந்தக் காலத்திலேயே செபஸ்தியான் காஸ்டெல்லியோ என்ற அறிஞர் எதிர்த்து எழுதினார்: ஒரு மனிதனைக் கொல்வது ஒரு கோட்பாட்டைக் காப்பது ஆகாது, அது ஒரு மனிதனைக் கொல்வதுதான். செர்வேட்டஸின் உபதேசம் தவறு என்றுதான் நானும் நம்புகிறேன். எரித்தவர்கள் அன்று தங்கள் செய்கையால் போதித்ததும் தவறான உபதேசமே. சத்துருக்களைச் சிநேகியுங்கள் என்பதும் இயேசுவின் உபதேசம், அது ஏதோ பின்னிணைப்பு அல்ல.

நாம் உபதேசம் என்றால் பட்டியலிட்ட கோட்பாடுகள் என்று சுருக்கிவிட்டோம். "ஆரோக்கியமான உபதேசத்துக்கேற்றவைகளைப் பேசு" என்று தீத்துவுக்கு எழுதிய பவுல், அடுத்த வரியிலேயே எதைப் பேசச் சொல்கிறார் தெரியுமா? முதிர்வயதுள்ள ஆண்கள் தெளிந்த புத்தியுள்ளவர்களாக இருக்கட்டும், பெண்கள் அவதூறு பேசாமலும் குடிக்கு அடிமைப்படாமலும் இருக்கட்டும், வேலைக்காரர் திருடாமல் இருக்கட்டும். எபேசு சபை கள்ள அப்போஸ்தலரைச் சரியாகக் கண்டுபிடித்தது. வெளிப்படுத்தல் இரண்டாம் அதிகாரத்தில் ஆண்டவர் அதைப் பாராட்டவும் செய்கிறார். ஆனாலும் ஆதி அன்பை விட்டாய், மனந்திரும்பு என்கிறார். பிசாசுகளின் உபதேசம்கூட ஒரு விதத்தில் சரியானதுதான், தேவன் ஒருவர் என்று விசுவாசித்து நடுங்குகின்றன என்கிறார் யாக்கோபு.

எல்லாவற்றுக்கும் ஒரே எடை போடுவதும் சண்டைக்கு ஒரு பெரிய காரணம். கிறிஸ்து நம் பாவங்களுக்காக மரித்து உயிர்த்தெழுந்தார் என்பதைப் பவுல் விட்டுக்கொடுக்கவே மாட்டார். "கிறிஸ்து எழுந்திராவிட்டால் உங்கள் விசுவாசம் வீண்" என்று கொரிந்தியருக்கு முகத்துக்கு நேரே எழுதுகிறார். அதே பவுல் ரோமர் 14-ல் இறைச்சி சாப்பிடலாமா, விசேஷ நாட்களைக் கைக்கொள்ளலாமா என்ற விஷயத்தில், அவனவன் தன் மனதில் நிச்சயித்துக்கொள்ளட்டும், ஒருவரை ஒருவர் குற்றவாளியாகத் தீர்க்காதீர்கள் என்கிறார். ஆயிரவருட அரசாட்சி எப்படி வரும், சபையை எந்த முறையில் நிர்வகிப்பது, இசைக்கருவி வேண்டுமா வேண்டாமா என்பதற்கெல்லாம் உறவை முறிப்பவர்கள் ரோமர் 14-ஐ வாசிக்காதவர்கள். ஞானஸ்நானம் எந்த வயதில் என்பது இதைவிடக் கனமான கேள்விதான். அதில் எனக்குத் தீர்மானமான கருத்து உண்டு, ஆனாலும் எதிர்க்கருத்து உள்ளவர்களைச் சகோதரர்கள் இல்லை என்று சொல்ல மாட்டேன்.

நடைமுறையில் என்ன செய்வது? பெரோயா பட்டணத்தார் பவுலின் பிரசங்கத்தையே, இப்படித்தான் இருக்கிறதா என்று தினமும் வேதத்தை ஆராய்ந்து பார்த்தார்கள், அதற்காகப் பாராட்டும் பெற்றார்கள். எனவே "அபிஷேகம் பெற்றவரைக் கேள்வி கேட்கலாமா" என்று யாராவது உங்கள் வாயை அடைத்தால், அப்போஸ்தலனுக்கே அந்தச் சலுகை கிடைக்கவில்லை என்று சொல்லுங்கள். ஒரு வசனத்தைப் பிரசங்கத்தில் கேட்டால் வீட்டுக்கு வந்து அந்த அதிகாரம் முழுவதையும் வாசியுங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீரும்.

தவறு என்று தோன்றினால் உடனே வீடியோ போட வேண்டாம். அப்பொல்லோ வேதாகமத்தில் வல்லவன், ஆனால் அவனுக்குத் தெரிந்திருந்தது யோவானுடைய ஞானஸ்நானம் மட்டும். ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் அவனைச் சபைக்கு முன்னால் நிறுத்தித் திருத்தவில்லை. தனியே கூட்டிக்கொண்டுபோய் இன்னும் திட்டமாக விளக்கினார்கள். நீங்களும் போதகரிடம் தனியாகப் போய்க் கேளுங்கள். நல்ல மேய்ப்பனாக இருந்தால் சந்தோஷப்படுவார், ஒருவேளை புரிந்துகொண்டதில் உங்கள் பக்கமே பிழை இருந்தாலும் தெரிந்துவிடும். கிறிஸ்து யார், அவர் செய்து முடித்தது என்ன என்ற அடிப்படையிலேயே கைவைக்கிறார்கள், கேட்டால் மிரட்டவும் செய்கிறார்கள் என்றால், அங்கே தொடர்ந்து இருப்பதைக் கீழ்ப்படிதல் என்று நான் சொல்ல மாட்டேன்.

கற்றுக்கொள்ளத் தொடங்க கனமான புத்தகம் தேவையில்லை. கலாத்தியர் நிருபம் ஆறே அதிகாரம், ஒரே மூச்சில் வாசித்துவிடலாம். அப்புறம் முதலாம் யோவான். இரண்டையும் கையில் ஒரு பென்சிலோடு வாசித்து, இயேசு யார் என்று சொல்லும் இடங்களையும், அதனால் எப்படி வாழ வேண்டும் என்று சொல்லும் இடங்களையும் குறித்துக்கொண்டே போங்கள். புரியாதது வந்தால் நிறுத்திவிடாமல் ஓரத்தில் கேள்விக்குறி போட்டுவிட்டு மேலே வாசியுங்கள். அந்தக் கேள்விக்குறிகளை எடுத்துக்கொண்டு உங்கள் போதகரிடமோ, வேதத்தை நன்றாக அறிந்த மூத்த விசுவாசி ஒருவரிடமோ போய் உட்காரலாம்.